ஆர்டனிங்

ஜூன் 3, திங்கள்

டாக்டரம்மா எழுதச் சொல்லியிருக்கிறார், அதனால் எழுதுகிறேன். தலைச்சுற்றல் எப்போது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன், எல்லாம் குறித்துக்கொண்டு வர வேண்டுமாம். ஐம்பத்து நாலு வயதில் வீட்டுப்பாடம். அரம் விற்கிற கம்பெனிக்காரன் என்றைக்கோ கொடுத்த டைரி பீரோ மேல் கிடந்தது. பல்லி முட்டையைத் தட்டிவிட்டு எடுத்திருக்கிறேன். கிழமை பொருந்தவில்லை, அடித்து எழுதிக்கொள்கிறேன்.

காலை ஒன்பதரைக்கு ஒரு தரம். நின்ற இடத்திலேயே சரியாகிவிட்டது.

ஜூன் 4, செவ்வாய்

இல்லை.

ஜூன் 5, புதன்

இன்றும் இல்லை. சாயங்காலம் கம்பெனியில் நான் ட்ரே மேல் உட்கார்ந்தது தலைச்சுற்றலில் சேராது. தரையில் தண்ணீர் வழுக்கியது. செல்வநாயகிதான் ஊரைக் கூட்டினாள். “ஏனுங்ணா, மொகமெல்லாம் சுண்ணாம்பாட்ட வெளுத்துக் கெடக்குது!” என்று ஒரே சத்தம். அவள் எங்கள் செக்‌ஷனில் பதினோரு வருஷமாக இருக்கிறாள். நான் ஓட்டி இறக்குகிற ஷாஃப்டை எடுத்து இறுக்கம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. அடுத்தவர் முகத்தைப் பார்ப்பது அவள் வேலையில்லை.

டாக்டரம்மாவுக்கு நேரத்தை மட்டும் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும். மற்றதெல்லாம் எனக்கு. எழுத உட்கார்ந்த பிறகு சும்மா இருக்கக் கை வரவில்லை.

என் வேலையைப் பற்றிச் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. ஷாஃப்ட் என்பது கடைந்து வருகிற இரும்புத் தண்டு. மெத்தென்று இருக்கும், ஓடினால் தேய்ந்துவிடும். மேல்தோலை மட்டும் இறுக்க வேண்டும். உள்ளே மெத்தென்றேதான் இருக்க வேண்டும், முழுக்க இறுகினால் உடைந்துவிடும். இதற்குத் தீயே கிடையாது. செம்புக் குழாயை வளையமாக வளைத்து, உள்ளே தண்ணீர் ஓடவிட்டு, அதில் கரண்ட் விடுவோம். வளையம் சுடாது, நடுவில் நிற்கிற ஷாஃப்ட் பழுத்துவிடும். எட்டு செகண்ட். உடனே தண்ணீர் பீய்ச்சும், முடிந்தது. மோதிரம் போட்டுக்கொண்டு கிட்டே நின்றால் மோதிரமும் சுடும். அதனால் இருபத்து மூன்று வருஷமாக என் விரலில் ஒன்றும் இல்லை. கம்பெனி போர்டில் ‘இண்டக்‌ஷன் ஹார்டனிங்’ என்று எழுதியிருக்கிறது. அந்த முழுப் பெயரை ஒருத்தரும் சொல்வதில்லை. எங்களுக்கு ‘ஆர்டனிங்’. வீட்டிலும் அப்படித்தான்.

ஜூன் 8, சனி

ஆஸ்பத்திரி. என் வீட்டுக்காரி வசந்தாமணி மருந்துக்கு வரிசையில் நிற்கப் போயிருந்தாள். டாக்டர் நஸ்ரின் நல்ல மாதிரி, மகள் வயதுதான் இருக்கும். பேசிக்கொண்டே கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன வேலை பாக்கறீங்க?”

“கம்பெனில ஆர்டனிங்குங்க.”

“கார்டனிங்கா? நல்லது. வெயில்ல ரொம்ப நிக்காதீங்க. மண்ணு மூட்டை எல்லாம் தூக்க வேண்டாம்.”

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். தோட்டக்காரனாக இருந்துவிட்டுப் போகிறேன், இதில் என்ன வந்துவிடப் போகிறது. வசந்தாவிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்தேன், பஸ்ஸில் மறந்துபோய்விட்டது.

நெஞ்சில் ஒயர் ஒட்டி ஒரு நாள் முழுக்க ஒரு பெட்டியைத் தொங்கவிட வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை கட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 14, வெள்ளி

ஞாயிறு மத்தியானம் தூங்கும்போது ஒரு தரம் நாலரை செகண்ட் என் இதயம் அடிக்கவே இல்லையாம். பெட்டி சொல்கிறது. நானோ அன்றைக்கு நன்றாகத் தூங்கினதாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பேஸ்மேக்கர் வைக்க வேண்டும் என்றார். தீப்பெட்டியைவிடச் சின்னது, தோள் எலும்புக்குக் கீழே தோலுக்குள் வைத்துத் தைத்துவிடுவார்கள். இதயம் அடிக்க மறந்தால் அது ஒரு தட்டு தட்டி ஞாபகப்படுத்தும். வசந்தா அழுதாள். நான் அழவில்லை. களைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். ஆறு மாசமாகவே மாடிப்படி ஏறினால் இரண்டு தரம் நிற்கிறேன். வயசு என்று நினைத்தேன்.

ஜூன் 19, புதன்

வைத்துவிட்டார்கள்.

ஜூன் 22, சனி

வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது நர்ஸ் ஒரு தாள் கொடுத்து, என்னென்ன கூடாது என்று வாசித்தார். செல்போனைச் சட்டைப் பையில் வைக்கக் கூடாது. இடது கையைத் தலைக்கு மேல் தூக்கக் கூடாது. அப்புறம், “வீட்ல இண்டக்‌ஷன் இருக்குங்களா?” என்றார்.

எனக்குத் திக்கென்றது. வசந்தா முந்திக்கொண்டாள். “இருக்குதுங்க சிஸ்டர். மக தீவாளிக்கு வாங்கிக் குடுத்தது.”

“அதுகிட்ட இவரு ரெண்டடி தள்ளியே நிக்கணும்.”

“ரெண்டடி என்னத்துக்குங்க? அது எங்கூட்லயே இருக்காது.”

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டுபோய் எதிர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். மூச்சு வாங்க வந்து உட்கார்ந்து, “இனி ஒரு பயமுமில்ல” என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

நர்ஸ் கொடுத்த தாள் எங்கே போனதென்று தெரியவில்லை. வசந்தா தேடிக்கொண்டிருக்கிறாள். அதில் வெல்டிங், பெரிய மோட்டார், இண்டக்‌ஷன் உலை என்றெல்லாம் ஒரு வரி இருந்தது.

ஜூலை 2, செவ்வாய்

சும்மா இருக்கிறேன்.

ஜூலை 9, செவ்வாய்

சும்மா இருப்பது பெரிய வேலையாக இருக்கிறது. வசந்தா ஜாக்கெட் தைக்கிற சத்தம், டிவி, சாப்பாடு, தூக்கம். படி ஏறினால் இப்போது நிற்பதில்லை. உள்ளே இருக்கிறவன் ஒழுங்காக வேலை செய்கிறான்.

காளியப்பனைப் பற்றியே நினைப்பு ஓடுகிறது. எங்கள் கம்பெனி பிரஸ் மிஷினில் இரண்டு விரல் போன பிறகு அவரைக் கேட்டில் உட்காரவைத்தார்கள், வருகிற லாரி நம்பரை எழுதச் சொல்லி. நாங்கள் உள்ளே போகும்போது வணக்கம் சொல்வார். முதலில் நின்று பேசினோம். அப்புறம் கையை ஆட்டினோம். ஆறு மாசத்தில் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் போனதை நான் கவனித்ததே நாலைந்து நாள் கழித்துத்தான். எங்களுடையது சின்னக் கம்பெனி. மிஷினில் நிற்காதவனுக்கு அங்கே இடம் கிடையாது. எனக்குப் பயமாக இருக்கிறது. இதை வேறு எங்கே எழுதுவது?

ஜூலை 22, திங்கள்

வேலைக்குப் போய்விட்டேன். தோளில் கட்டி எடுத்தார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஓனர் கோவர்த்தன் சார், “வாங்க சென்னியப்பன், நீங்க இல்லாம ரெண்டு லாட் திரும்பி வந்துருச்சு” என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

கால் பெடலின் ஒயரை நீட்டிப் போட்டு, மிஷினிலிருந்து நாலடி தள்ளி நின்று ஓட்டுகிறேன். நாலடி என்பது இரண்டடியில் இரண்டு மடங்கு. ஒன்றும் ஆகவில்லை. ஷாஃப்ட் நிறத்தையும் வளையத்தின் இடைவெளியையும் பார்க்க மட்டும் எப்போதாவது கிட்டே குனிய வேண்டியிருக்கிறது. அது எல்லாரும் செய்வதுதான்.

“ஏனுங்ணா, மிஷின்கூடச் சண்டையா? அக்கட்டால போயி நிக்கறீங்க?” என்றாள் செல்வநாயகி.

“வெள்ளெழுத்து. தள்ளி நின்னாத்தான் தெரியுது.”

ஜூலை 23, செவ்வாய்

இல்லை.

ஜூலை 25, வியாழன்

காலையில் சாப்பிடாமல் போனது தப்பு. வெறும் வயிற்றில் குனிந்தால் யாருக்கும் கண் இருட்டத்தான் செய்யும். எட்டு செகண்டில் சரியாகிவிட்டது.

ஜூலை 26, வெள்ளி

நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனேன். வெக்கை அதிகம்.

ஜூலை 31, புதன்

போனேன். வந்தேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. லீவு. வசந்தா கலந்த சாதம் ஐந்து வகை கட்டிக்கொண்டு வர, பேரூர் போய் ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நாள் முழுக்க உடம்பு இறகு மாதிரி இருந்தது. “பாத்தீங்களா, உங்க மொகத்துல களை வந்துருச்சு” என்றாள். ஒரு நிமிஷம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்றிருந்தது. புளிசாதம் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 7, புதன்

ஒன்றை எழுதிவிட வேண்டும். மிஷின் ‘ங்ங்’ என்று பாடத் தொடங்கும்போது, நான் குனிந்திருந்தால், தலைக்குள் யாரோ விளக்கைத் தணிக்கிற மாதிரி இருக்கிறது. தண்ணீர் பீய்ச்சுகிற சத்தம் கேட்டதும் வெளிச்சம் திரும்பிவிடுகிறது. வயிறு நிறைந்திருந்தாலும் அப்படித்தான்.

எட்டு செகண்ட்தான். எட்டு செகண்ட் யாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கலாம்.

ஆகஸ்ட் 12, திங்கள்

புது ஆர்டர் வந்திருக்கிறது. தடிமனான ஷாஃப்ட், ஏதோ கல் உடைக்கிற மிஷினுக்காம். வெப்பம் ஆழமாக இறங்க வேண்டும் என்பதால் கரண்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டியிருக்கிறார்கள். இருபத்திரண்டு செகண்ட். வெள்ளிக்கிழமை நாலு பீஸ் ஓட்டிப் பார்க்க வேண்டும். அடுத்த புதனிலிருந்து முழு லாட், ஒரு மாசத்துக்கு.

இருபத்திரண்டு.

ஆகஸ்ட் 16, வெள்ளி

வழுக்கி விழுந்தேன்.

ஆகஸ்ட் 17, சனி

நேற்று எழுதினது பொய். இரண்டாவது பீஸில் இடைவெளி ஒரு பக்கம் குறைவாகத் தெரிந்தது. குனிந்தேன். அப்புறம் செல்வநாயகியின் குரல்தான் கேட்டது. நான் மிஷின் மேல் சாய்ந்துகொண்டிருந்தேனாம். அவள் ஓடி வந்து சிவப்புப் பட்டனை அறைந்து நிறுத்தி, சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். இரண்டு பேரும் தண்ணீரில் விழுந்தோம். ஷாஃப்ட் அரைகுறையாகப் பழுத்து வீணாகிவிட்டது.

“என்னங்ணா பண்ணி வெச்சிருக்கீங்க உடம்புக்குள்ள?” என்றாள். சட்டை விலகி, தோளுக்குக் கீழே மேடு தெரிந்திருக்கிறது. “எங்க பெரியப்பாவுக்கு இதேதான் வெச்சிருக்குது. அவுர மிக்ஸிகிட்டக்கூட நிக்க விடறதில்ல. நீங்க இந்த எமன்கிட்ட வந்து நிக்கறீங்க!”

யாரிடமும் சொல்லாதே என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத வரவில்லை. “இன்னிக்குச் சொல்லமாட்டனுங். புதன்கெழம நீங்க பெடலத் தொட்டீங்கன்னா ஓனருகிட்ட நானே போயிருவேன்” என்றாள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

நாளை ஆஸ்பத்திரியில் செக்கப். உள்ளே இருக்கிறதைச் சோதிப்பார்களாம். வேலை இருக்கிறது, தள்ளிப் போடலாம் என்றேன். வசந்தா கத்திரிக்கோலை வைத்துவிட்டு, “போலாம்” என்றாள். அந்தக் குரலுக்கு மறுபேச்சு கிடையாது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

படுக்கச் சொல்லி, நெஞ்சின் மேல் மவுஸ் மாதிரி ஒன்றை வைத்தார்கள். பக்கத்தில் ஒரு பையன் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்தான், பார்த்தான், எழுந்து போய் டாக்டரம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். இரண்டு பேரும் திரையையே பார்த்தார்கள். எனக்கு ஒன்று தெரியாமல் போய்விட்டது. அந்தச் சின்னப் பெட்டி தட்டுவதோடு நிற்பதில்லை. எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்கிறது. தேதி, நேரம், எத்தனை செகண்ட். நான் இந்த டைரியில் ‘இல்லை’ என்று எழுதின நாளையெல்லாம் அது உள்ளே உட்கார்ந்து ‘உண்டு’ என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறது.

“நானூத்திப் பன்னெண்டு தடவை” என்றார் டாக்டரம்மா. “பெரும்பாலும் எட்டு எட்டு செகண்ட். போன வெள்ளிக்கிழமை ஒண்ணு மட்டும் பதினேழு. ஞாயித்துக்கிழமை ஒண்ணுகூட இல்ல. ஆகஸ்ட் மூணு, பதினஞ்சு இல்ல. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல இல்ல. தோட்டத்துல அப்படி என்னங்க இருக்கு?”

“எந்தத் தோட்டமுங்க?” என்றாள் வசந்தா.

“இவரு தோட்ட வேலைதானே?”

“அய்யோ, இல்லீங்க டாக்டர். தொட்டிச் செடிக்குத் தண்ணிகூட ஊத்தமாட்டாரு. அவுரு ஆர்டனிங்கு. இரும்பப் பழுக்க வெக்கற வேல.”

“எதுல பழுக்க வெக்கறாங்க? அடுப்புலயா?”

வசந்தா என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாது. இருபத்து மூன்று வருஷத்தில் அவளிடம் அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை. படுத்தபடியே, கூரையைப் பார்த்துச் சொன்னேன்: “இண்டக்‌ஷன்லீங்க.”

டாக்டரம்மா திரையை விட்டு என் பக்கம் திரும்பினார். பிறகு வசந்தாவின் குரல், ரொம்பச் சின்னதாக: “அந்த ஸ்டவ்வாட்டவா?”

“அதுல அம்பது மடங்கு இருக்கும்” என்றேன்.

டாக்டரம்மா கோபப்படுவார் என்று நினைத்தேன். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, நிதானமாகச் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. “பேஸ்மேக்கர் உங்க இதயத்தக் கேட்டுக்கிட்டே இருக்குங்கய்யா. அடிச்சா சும்மா இருக்கும், அடிக்கலேன்னா தட்டும். நீங்க குனியறப்ப அதுக்கு உங்க இதயம் கேக்கல. மிஷின்தான் கேக்குது. அதையே உங்க துடிப்புன்னு நெனச்சுக்குது. இவரு நல்லாத்தானே இருக்காருன்னு கைய கட்டிட்டு உக்காந்துடுது. சில தடவை உங்க இதயம் தானா அடிச்சிருக்கு. எல்லாத் தடவையும் இல்ல. இருபது செகண்டெல்லாம் போச்சுன்னா நீங்க என்கிட்ட வரவேண்டிய அவசியமே இருக்காது.”

வெளியே வந்து மரத்தடியில் நின்று அழுதேன். மிஷின் போனதற்கு அழுதேனா, உயிர் தப்பினதற்கு அழுதேனா, தெரியவில்லை. வசந்தா அழவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தாள்.

ஆகஸ்ட் 21, புதன்

காலையில் காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். வழக்கமாக என் கையில்தான் கொடுப்பாள். அளவெடுக்கிற நோட்டின் பின்பக்கத்தில் ஏதோ கூட்டிப் பெருக்கி வைத்திருந்தாள்.

“அம்பத்தஞ்சு நிமிசம்” என்றாள்.

“என்னது?”

“நானூத்திப் பன்னெண்ட எட்டால பெருக்குனா அம்பத்தஞ்சு நிமிசம் வருது. ஒரு மணி நேரத்துக்கு அஞ்சு நிமிசம் கொறச்சல். அத்தன நேரம் நான் இந்த ஊட்ல முண்டச்சியா இருந்துருக்கறன். ஊக்கு வெச்சுத் தெச்சுக்கிட்டு, ரேடியோவுல பாட்டுக் கேட்டுக்கிட்டு. எனக்கே தெரியாம.”

டாக்டரம்மா அப்படிச் சொல்லவில்லையே, சில தடவை தானாக அடித்தது என்றாரே என்று ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டினாள், நிறுத்திவிட்டேன்.

“வேல போனா போவுது, ரெண்டு பேரும் கூழு குடிச்சுக்கலாம். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லோணும்னு தோணலியா உங்களுக்கு?”

தோன்றியது. சொல்லியிருந்தால் நீ போக விட்டிருக்கமாட்டாய், அதனால்தான் சொல்லவில்லை என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமான பதில் என்று எனக்கே கேட்டது.

பத்து மணிக்குக் கம்பெனிக்குப் போனோம். என்னைத் தனியாக அனுப்ப அவளுக்கு நம்பிக்கையில்லை. கோவர்த்தன் சாரிடம் நான் சுற்றி வளைத்துப் பேச, அவள் ஆஸ்பத்திரித் தாளை மேஜை மேல் வைத்தாள். அவர் படித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். “என் ஷெட்டுக்குள்ள உங்களுக்கு ஒண்ணு ஆயிருந்தா இந்தம்மாவுக்கு நான் என்ன பதிலுங்க சொல்றது?” என்று கத்தினார். இருபத்து மூன்று வருஷத்தில் அவர் என்னைப் பார்த்துக் கத்தினது இதுதான் முதல் தடவை. மிஷினில் செல்வநாயகி நிற்கட்டும் என்றார். எனக்கு ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பேக்கிங் ஷெட். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். “பாக்கலாங்க” என்றார்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

பேக்கிங் ஷெட்டில் ஐந்தாவது நாள். ஷாஃப்டில் துருப் பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவி, மெழுகுத்தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் அடுக்க வேண்டும். கூட வேலை செய்கிற மூன்று பெண்கள் சீரியல் கதை பேசுகிறார்கள், எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. கை முழுக்க எண்ணெய் நாற்றம். செல்வநாயகி ஓட்டின ஷாஃப்டை அரத்தால் உரசிப் பார்த்தேன். அரம் வழுக்கிக்கொண்டு போகிறது, நன்றாகத்தான் செய்கிறாள். அதில் எனக்குச் சந்தோஷம் இல்லை என்பதை எழுதி வைக்கிறேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினேன். வசந்தா ஆறு நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை. தையல் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள்.

“இன்னிக்கு எப்படி இருந்துச்சு?”

“நல்லா இருந்துச்சு. ஒண்ணுமில்ல.”

“உங்கள ஆருங்க கேட்டா?” என்றாள். தோளுக்குக் கீழே அந்த மேட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி, ஒரு நிமிஷம் முழுக்க நின்றாள்.